பஸ் ஏறிப் போன பருப்பு

ஞானபாக்கியம் சோப்பு அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். நாற்பத்தைந்து வயதில், ஒரு பால்வாடி டீச்சர், கையில் பிளாஸ்டிக் கூடையோடு கண்ணாமூச்சி ஆட வேண்டியிருந்தது.

பில் போடுகிற இடத்தில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கிற அதே அண்ணாச்சி. யார் கண்ணில் படக்கூடாது என்று பஸ் ஏறி ராஜபாளையம் வந்தாளோ, அவரேதான்.

தொண்ணூற்றாறு தீபாவளிக்குத் திறந்த கடை இது. பேர்பெற்ற கம்பெனிப் பாக்கெட்டுகள் எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கும். மலிவுச் சரக்கு கீழ்த்தட்டில். கடைக்காரர்களே கட்டி, மஞ்சள் சீட்டு ஒட்டிய பாக்கெட்டுகள். குனிந்துதான் எடுக்க வேண்டும்.

மகள் மதுரையில் நர்சிங் சேர்ந்ததிலிருந்து ஞானபாக்கியம் குனிந்துகொண்டிருக்கிறாள். முதலில் காபித்தூளை மாற்றினாள். பிறகு எண்ணெய், பிறகு புளி, மிளகாய்வற்றல் என்று ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கின.

மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கைக் கண்டக்டர் வாங்கிக்கொள்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இதே மாதிரிக் கடை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வந்துவிட்டது. ஆனால் அது அண்ணாச்சி கடைக்கு எதிர்வரிசையில் இருந்தது. அங்கே படியேற அவளுக்குக் கால் வரவில்லை.

வீட்டுக்காரர் தவறிப்போன அன்று, கேட்காமலே காபித்தூளும் சர்க்கரையும் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, அடக்கம் முடியும்வரை தெருவில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு அந்த உதவியைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. அதுதான் அவளை வதைத்தது.

அவர் கடைக்கு இப்போதும் போகிறாள். ஒப்புக்கு. தீப்பெட்டி, கல்லுப்பு, அரைக் கிலோ துவரம்பருப்பு. மகள் ஊரில் இல்லை, ஒத்த ஆளுக்கு எம்புட்டு வேண்டும் என்று ஒரு சாக்கும் வைத்திருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு எப்போதும் கை நிறைய கறிவேப்பிலையைச் சேர்த்துப் பொட்டலம் கட்டுவார்.

அந்தப் பருப்பை அவள் தனி டப்பாவில் வைத்திருந்தாள். மகள் லீவில் வரும்போது மட்டும் எடுப்பாள். என்ன இருந்தாலும் அண்ணாச்சி கடைப் பருப்பு வெண்ணெயாய்க் குழையும், பாக்கெட் பருப்பு பல்லில் நிற்கும் என்று அவள் யாரிடமும் அடித்துச் சொல்வாள்.

இப்போது அவர் எதற்கு வந்திருக்கிறார்? விலை பார்த்துப் போகத்தான் என்று நினைத்தாள். பாவம், அவரும் தொழில் செய்ய வேண்டாமா? அவருக்குப் பின்னால் ஆட்கள் நின்றதில் தலையின் பின்புறமும் துவைத்துத் துவைத்து நைந்த சட்டைக் காலரும்தான் தெரிந்தன. அவர் போனதும் போகலாம் என்று சோப்பின் விலையை மறுபடி மறுபடி வாசித்தாள்.

கால் வலித்தது. காலையிலிருந்து பிள்ளைகளோடு நின்ற கால். யாருக்காக ஒளிகிறோம் என்றே ஒரு கட்டத்தில் விளங்கவில்லை. அலுப்பாக இருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்றும் தோன்றியது, பார்த்துவிடக் கூடாதே என்றும் மனம் அடித்துக்கொண்டது.

வரிசை நகர்ந்தது. பில் போடுகிற பெண்ணுக்கு வெண்கலக் குரல்.

"வாங்க அண்ணாச்சி, இந்த வாரமும் துவரம்பருப்பு இருபது கிலோவா? போன தடவ மாதிரி பாக்கெட்ட பிரிச்சுச் சாக்குல கொட்டிரட்டா?"

யார் காதிலாவது விழுந்ததா என்று அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். சோப்பு அடுக்கு வரைக்கும் வந்த பார்வை அவள்மேல் நின்றது.

அவர் காலடியில் இரண்டு கூடைகள். இரண்டிலும் மஞ்சள் சீட்டு.

ஞானபாக்கியத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் கூடையைப் பார்த்தாள். அவரும் அந்தக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இருவருக்கும் மறைக்க எதுவும் இல்லை. ஊரே அறிய வியாபாரம் செய்த மனிதர், திருடிப் பிடிபட்டவர் போல நின்றார்.

அவள் திரும்பி நடந்தாள். கீழ்த்தட்டில் குனிந்து, தன் கூடையிலிருந்த ஒரு கிலோ பருப்புப் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு நேராக அவரிடம் வந்தாள்.

"இங்க பருப்பு சரியில்ல அண்ணாச்சி. நாளைக்குக் கடைக்கு வாரேன், ஒரு கிலோ எடுத்து வையுங்க."

"சரி டீச்சர்" என்றார்.

இருபது கிலோச் சாக்கை ஒற்றை ஆளாகத் தூக்குகிற வயதை அவர் தாண்டியிருந்தார். அவள் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் இருவரும் சேர்ந்தே தூக்கிப் போனார்கள்.