எட்டரைக்கு விடியும் ஊர்

காலை எட்டு மணிக்கும் இருட்டாகவே இருக்கிற ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்பது வயது அஃப்ரினுக்கு அப்பா அனுப்பிய கையடக்க வீடியோ கேமுக்குள் வீடு, கடை, தோட்டத்தோடு அப்படி ஓர் ஊர் இருந்தது. எட்டரைக்கு அங்கே விடிந்த பிறகுதான் அவள் பள்ளிக்கூடம் கிளம்புவாள்.

அன்று சாயங்காலம் அம்மா மெஹர்பானு, உத்திரமேரூர் பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிராஜுதீனிடம் அந்த கேமைக் கொடுத்தாள்.

"தெனம் இதால ஸ்கூலுக்கு லேட்டுண்ணே. ஒரே பேஜாரு. இன்னான்னு பாருங்க."

"இதுக்குள்ள கடியாரம் ரெண்டரை மணி நேரம் ஸ்லோவா கீதும்மா. மாத்திடவா?"

"வாணாம் மாமு!" அஃப்ரின் அழுதாள். "அது குவைத்து டைம். அத்தாதான் வெச்சி அனுப்பிச்சாரு. இதுல விடியசொல்லோ அத்தா எய்ந்துக்குவாரு. நான் சலாம் சொல்லுவேன்."

கடைக்கு வெளியே இருட்டிவிட்டது. திரையில் இன்னும் வெயில் அடித்தது. மெஹர்பானு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அங்கே விடிந்தது. அம்மாவும் மகளும் சலாம் சொன்னார்கள்.