இரண்டு சுற்று

சொல்வதில் எங்கேயாவது தப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் ஆறாவதோடு நின்றவள். வண்டிக் கணக்கெல்லாம் எனக்கு வராது. ஆனால் இதில் ஒரு எண் மாறினாலும் ஒரு மனுஷன் பேர் கெட்டுவிடும். அதனால் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

"யோவ், நான் கேட்டது ஒண்ணு, நீ மாட்டியிருக்கறது ஒண்ணு!"

தாமல் ரோட்டில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில், ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மகன் குமரகுரு கத்திக்கொண்டிருந்தான். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் டம்ளரோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

எதிரே மெக்கானிக் கைலாசம் அண்ணன். கையில் கிரீஸ் துணி. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நீ கேட்டதைத்தான்பா மாட்டினேன்."

"பொய் சொல்லாத! எண்பதைத் தாண்டினா இஞ்சின் கதறுது. நேத்து பைபாஸ்ல ஒரு பால் வண்டி என்னை ஓவர்டேக் பண்ணிக்கினு போறான்!"

டீக்கடைக்காரர் சிரித்தார். மகனுக்கு இன்னும் கோபம் ஏறியது.

அடிதடி ஆகிவிடுமோ என்றுதான் நானும் கூட வந்திருந்தேன். அந்த வண்டியில் ஏற எனக்கு ஸ்டூல் வேண்டும். பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த சாதாரண பிக்கப்பு அது. அரை அடி தூக்கி, இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டி, யானை மாதிரி ஆக்கிவிட்டான். போன மாதம் பைபாஸ் வளைவில் ஒரு பக்கச் சக்கரம் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பினதாம். சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து என் மருமகள் அகிலா அதில் ஏறுவதில்லை.

பெரிய டயர் மாட்டியதும் வண்டி மேடு ஏறவில்லை. பின் அச்சுக்குள் இருக்கும் பல் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்றார் கைலாசம் அண்ணன். அவரிடம் இரண்டு விதம் இருந்தது. டயர் ஒரு சுற்று சுற்றினால், அடியில் இருக்கும் நீளமான ராடு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கணக்காம். நாலும் கொஞ்சமும் என்றால் வேகம். அஞ்சும் கொஞ்சமும் என்றால் இழுவை. ஆனால் வேகம் வராது.

"இவ்ளோ பெரிய டயருக்கு அஞ்சுதான்பா சரி" என்று அவர் அப்போதே சொன்னார்.

"எனக்கு நாலு போடு. நான் நூறுல போறவன்" என்றான் இவன்.

இப்போது அதற்குத்தான் சண்டை.

"பேச்சு வேணாம். எண்ணிப் பார்த்துடலாம்" என்று ஜாக்கியை எடுத்தான் மகன்.

கைலாசம் அண்ணன் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பின் டயர் ஒன்று தரையை விட்டு எழும்பியது. அதன் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். அடியில் ராடிலும் ஒரு கோடு.

"அம்மா, நீ டயரைப் பிடி. நான் அடியில படுத்துக்கினு ராடு சுத்தறதை எண்ணுறேன். ஒரு டயரை மட்டும் தூக்கியிருக்கறதால ராடு பாதிதான் சுத்தும், அதனால டயரை ரெண்டு சுத்து சுத்தணும். கோடு ரெண்டாவது தடவை மேல வந்ததும் நிறுத்திடு."

"நான் எதுக்குபா? வேற யாராவது…"

"இவனுங்க எல்லாம் அவரு ஆளுங்க. நீ முப்பது வருஷமா தறிக்குத் தார் நூல் சுத்தறவ. உன் கை எண்ணிக்கை தப்பாது."

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் கைலாசம் அண்ணனைப் பார்த்து விரலை நீட்டினான்.

"நாலும் கொஞ்சமும் வந்தா உன் கால்ல விழறேன். அஞ்சைத் தாண்டிச்சு, அவ்ளோதான். எங்க வண்டி குரூப்ல நாலாயிரம் பேர் இருக்கோம். இனிமே ஒரு வண்டி உன் கடைப்பக்கம் வராது."

இருபது வருஷக் கடை அது. அண்ணன் ஸ்பேனர் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் டயரைத் தள்ளினேன். கனமாக இருந்தது. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

"ஒண்ணு…" என்றது அடியிலிருந்து குரல். "மெதுவாம்மா… ரெண்டு…"

கோடு கீழே போய், மேலே வந்தது. ஒரு சுற்று.

"மூணு…"

கோடு மறுபடியும் கீழே இறங்கியது.

"நாலு…"

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நிறுத்தினேன். முந்தானையால் துடைத்தேன்.

"ஆச்சுப்பா."

"ஆச்சா? ரெண்டு சுத்தா?"

"ஆச்சுப்பா."

பிறகு முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்தான். முகம் தொங்கிவிட்டது.

"நாலும் கொஞ்சமும்தான் வருது. தப்பா பேசிட்டேண்ணே. மனசுல வெச்சிக்காதீங்க."

"பரவால்லபா. வண்டியை இவ்ளோ உயரம் தூக்கினா காத்து பிடிச்சித் தள்ளும். அதான் ஓட மாட்டேங்குது. இனிமே எண்பதுலயே போ."

"சரிண்ணே" என்று தலையை ஆட்டிவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்லப் போனான் மகன்.

கைலாசம் அண்ணன் டயருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேகம் வேணாம்னு புதன்கிழமை வந்து அப்படி அழுதீங்களேன்னு அஞ்சுதாம்மா மாட்டினேன். அது எப்படி நாலுல நின்னுச்சு?"

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டேன். துடைத்தேன் என்று சொன்னேனே, அது என் கையை இல்லை. இரண்டாவது சுற்று முடியக் கால் வட்டத்துக்கு மேல் பாக்கி இருக்கும்போதே டயரை நிறுத்தி, அந்தச் சாக்பீஸ் கோட்டைத்தான் துடைத்தேன்.