திறந்த கதவு

மாவிஸ் கைப்பையிலிருந்து டாய்லெட் பேப்பர் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சான் பெர்னாண்டோ மைதானத்தில் கலிப்ஸோ பாட்டுப் போட்டியின் அரையிறுதி. பாட்டு பிடிக்காவிட்டால் இங்கே கூட்டம் கூச்சலோடு நிற்காது. பேப்பரை உருவித் தலைக்கு மேலே ஆட்டும். மேடையிலிருந்து பார்த்தால் மைதானமே வெள்ளையாகத் தெரியுமாம். அதற்குப் பிறகும் நின்று பாடியவர்கள் குறைவு.

மற்றவர்கள் பாடும்போதெல்லாம் அவள் சுருளைத் தொடவில்லை.

பக்கத்திலிருந்த இளம்பெண் கெஸியா, கடலைக்கறி ரொட்டியான டபுள்ஸ் தின்ற விரலை நக்கிக்கொண்டே கேட்டாள். "யாருக்கு ஆன்ட்டி இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?"

"பாரோமீட்டருக்கு."

"அந்தக் கெழவனுக்கா? பேப்பர் தண்டம் ஆன்ட்டி."

லார்ட் பாரோமீட்டர் என்ற மேடைப் பெயரில், ஒரே பாட்டில் புகழுக்கு எழுந்த பாடகன் அவன்.

பேக்கரிக்காரன் போகிறான், போலீஸ்காரன் போகிறான், பாதிரியார்கூடப் போகிறார், யூலாலியின் கதவு திறந்தே இருக்கிறது: இதுதான் அந்தப் பாட்டு. அந்த வருடக் கார்னிவலில் இதைப் பாடாத டாக்ஸி இல்லை, ரம் கடை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதற்குக் கைதட்டி விளையாடினார்கள்.

அவன் தலையில் கிரீடம் வைத்தார்கள். லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கார்.

பிறகு எழுதிய எதுவும் எடுபடவில்லை. கார் போனது. ஹோட்டல் கடற்கரையில் டூரிஸ்ட்டுகளின் தொப்பியையும் தொந்தியையும் கேலி செய்து பாடிப் பிழைத்தான். இந்த வருடம் மறுபடியும் போட்டிக்கு வந்திருக்கிறான் என்று ரேடியோவில் கேட்டதும், மாவிஸ் டொபாகோ தீவிலிருந்து கப்பலேறி வந்துவிட்டாள். அவன் பாதிப் பாட்டில் இறங்கிப் போவதை அவள் பார்க்க வேண்டும்.

வந்தான். அதே வெள்ளைக் கோட்டு. தோள்கள் மட்டும் உள்ளே சிறுத்திருந்தன.

ரோட்டுப் பள்ளங்களைப் பற்றிய புதுப் பாட்டு. இரண்டாவது சரணத்தில் சொல் மறந்து, முதல் சரணத்தையே திரும்பப் பாடினான்.

மாவிஸ் எழுந்தாள்.

மைதானத்தில் முதலில் எழுந்தது அவள்தான். சுருளை உருவி ஆட்டினாள். பின் வரிசையில் ஒருவன் ஆட்டினான். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க. அப்புறம் எல்லாப் பக்கமும்.

அவன் பார்த்தான். வாய் நின்றது. மைக் மெல்லத் தாழ்ந்தது.

ஊரார் துணிகளை இஸ்திரி போடும்போதெல்லாம் அவள் நினைத்து நினைத்துப் பார்த்தது இதைத்தான். போ, என்றாள் வாய்க்குள். இறங்கிப் போ.

அவன் போகவில்லை. திரும்பி வாத்தியக்காரர்களிடம் ஏதோ சொன்னான்.

டிரம்பெட்டுகள் எழும்பின. பழைய பாட்டைப் பாடினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும். கிரீடம் இனி வராது என்று தெரிந்த பிறகு, கைதட்டலாவது மிஞ்சட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

"யூலாலி!" என்றான்.

"கதவு திறந்திருக்கு!" என்றது மைதானம்.

பேப்பர்கள் இறங்கின. கிழவர்கள் எழுந்து ஆடினார்கள். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராதவர்கள்கூட ஒரு சொல் விடாமல் பாடினார்கள். கெஸியா பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள்.

"பாடுங்க ஆன்ட்டி. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"நெஜமாவே யூலாலின்னு ஒருத்தி இருந்திருப்பாளா?"

"இருந்தா," என்றாள் மாவிஸ். "இவன் போய்க் கதவத் தட்டினான். அவ திறக்கல. அவ்வளவுதான் நடந்தது."

கெஸியா சிரித்தாள். "போங்க ஆன்ட்டி. ஊருக்கே தெரிஞ்ச கதைய மாத்தாதீங்க."

மாவிஸ் உட்கார்ந்து, உருவிய பேப்பரை மடியில் வைத்துத் திரும்பச் சுற்றத் தொடங்கினாள்.

மாவிஸ் என்பது, முதன்முதலாக டொபாகோவுக்குக் கப்பலேறிய அன்று அவளே வைத்துக்கொண்ட பெயர்.

பழைய பெயரைச் சொல்லித்தான் இப்போது மைதானமே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.