இடுப்புவார்

இடுப்பில் கட்டிய வார் மறுபடியும் இழுத்தது.

பெத்ரோனா அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களின் ஒரு முனை எதிரே இருந்த அவகாடோ மரத்தில். மறுமுனை அவள் இடுப்பு வாரில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். அதித்லான் ஏரிக்கரை மலைகளில் தறி என்றால் அவ்வளவுதான். பாதித் தறி, நெய்கிறவளின் உடம்பு.

நெசவுக் கூட்டுறவு வீட்டுத் தாழ்வாரத்தின் தூண்களையெல்லாம் முன்னால் சேர்ந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். கடைசியாக வந்த பெத்ரோனாவுக்குக் கிடைத்தது உட்கார மேட்டுப் பாறையும், தறி கட்டச் சரிவில் நின்ற இந்த மரமும்.

மழை தொடங்கியதிலிருந்தே அவள் துணியில் ஒரு குறை. நடுநடுவே வரிவரியாக இறுகிக் கிடந்தது.

“மரத்தோட என்னடி சண்டை? காளை மாட்டையா இழுக்குற?” என்பாள் தலைவி எவுலாலியா. தாழ்வாரமே சிரிக்கும். விலைபோகாத அந்தத் துணிகளில் ஒன்றை எடுத்து எவுலாலியா தன் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டாள்.

இன்றும் வரி விழுந்தால் கூட்டுறவில் இடமில்லை என்று நேற்றே சொல்லிவிட்டாள். பெத்ரோனாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. வடக்கே போன புருஷன் போனவன் போனவன்தான்.

ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பாவு தளர்ந்தது. இரண்டு இழை ஓட்டுவதற்குள் திரும்ப இறுகியது.

முடிச்சைப் பார்த்தாள். அப்படியே இருந்தது. காற்றில்லை. ஓர் இலை ஆடவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் மரத்தை இழுக்கவில்லை. மரம்தான் அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சொன்னால் பைத்தியம் என்பார்கள். இடமும் போகும். போனால் போகட்டும் என்று வாரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எழுந்து கத்தினாள்.

“அக்கா! புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மேல வாங்க! மரம் நடக்குது!”

தாழ்வாரத்தில் ஒரே சிரிப்பு. யாரும் நம்பவில்லை. ஆனால் நடக்கிற மரத்தைப் பார்க்காமல் விட யாருக்கு மனசு வரும்? வார்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு மேட்டில் ஏறினார்கள். எவுலாலியா திட்டிக்கொண்டே கடைசியாக வந்தாள்.

அவள் பாறையில் கால் வைத்தபோது பெத்ரோனாவின் கையிலிருந்த வார் பிடுங்கிக்கொண்டு போயிற்று. துணியில் பாதி நெய்த பறவை உருவங்களோடு தறி போயிற்று. மரம், தாழ்வாரம், தூண்கள், கூரை, எல்லாம் நின்ற நிலையிலேயே ஏரியைப் பார்த்து இறங்கின. சத்தம் பிறகுதான் வந்தது.

சிலுவை போட்டுக்கொள்ளக்கூட யாருக்கும் கை எழவில்லை.

எவுலாலியா முதுகிலிருந்த குழந்தையை முன்னால் கொண்டுவந்தாள். அதைச் சுற்றியிருந்த துணியை விரலால் தடவினாள். ஒரு வரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மலை எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் அதில் இருந்தது.

தாழ்வாரத்தில் நெய்த யாருடைய துணியிலும் ஒரு வரிகூட விழுந்ததில்லை. தூண்களோடு சேர்ந்து அவர்களும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.