ஒரு பிடி உப்பு

பிள்ளையை அந்தோனியார் பீடத்தின் கீழ்ப்படியில் கிடத்தவேண்டும். அவளுக்குக் கை வரவில்லை.

துணி விரித்தாயிற்று. சாமியார் ஜெபத்தை முடித்தாயிற்று. கணவன் ததேயுஸ் இரண்டு தடவை தொண்டையைச் செருமியும் ஆயிற்று.

அவள் கண் எதிரே நின்றவள் மேலேயே இருந்தது.

ததேயுஸின் அக்கா பிரகாசி. கையில் ஒரு பிடி உப்பு. தோளில் அந்தப் பை.

ததேயுஸ் வீட்டில் இப்படி ஒரு வழக்கம். முதல் பிள்ளை தங்காவிட்டால் அடுத்த பிள்ளையை அந்தோனியாருக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததை அத்தைக்காரி பீடத்து உப்புப் பெட்டியில் ஒரு பிடி உப்புப் போட்டு வாங்குவாள். வாங்கித் தாயின் கையில் தருவாள். அதற்குப் பிறகு அது பெற்ற பிள்ளை இல்லை, வாங்கிய பிள்ளை. சாவு தேடி வந்தாலும் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விடுமாம்.

அவளுடைய முதல் பிள்ளை ஞானஸ்நானம் வரைக்கும்கூட இருக்கவில்லை. அதனால் உடனே சரி என்றாள்.

அத்தை யார் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

பிரகாசிக்குப் பிள்ளை இல்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. உப்புப் போட்டு வாங்கியவள் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

நேற்றுத் தூத்துக்குடியில் கார் ஏறியதிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. பழைய கோயில்களைப் பார்த்துக்கொண்டு கடலோரமாகவே போவோம் என்று கிளப்பியவன் ததேயுஸ். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே வாசலுக்கு வெளியே நிற்கிற மனிதன். அவனுக்குத் திடீரென்று என்ன பக்தி?

மணப்பாட்டில் கோயில் மணல்மேட்டின் உச்சியில் இருந்தது. கீழே கடல். ஊரே கடலைப் பார்க்கத்தான் அங்கே வருகிறது. அவள் பார்க்கவில்லை. சுவரோரமாக அக்காவும் தம்பியும் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

“காத்து நல்லா வருது” என்றான் ததேயுஸ்.

காற்று வருவதைத்தான் அவ்வளவு ரகசியமாகப் பேசினார்களாக்கும்.

தேரிக்காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். செருப்பில் புகுந்த மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். பிள்ளையைக் காணவில்லை. பிரகாசியையும் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். பிரகாசி ஒரு பனைக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளையின் கழுத்தை மோந்துகொண்டிருந்தாள்.

வெயில் படக்கூடாதாம்.

இன்று காலை லாட்ஜில் பிரகாசி குளிக்கப் போனதும் அந்தப் பையைத் திறந்தாள். திறந்தது தப்புதான். திறக்காமலிருக்க அவள் என்ன புனிதையா?

உள்ளே ஒரு பால் பாட்டில். உடைக்காத பால்பவுடர் டப்பா. ஒரு சின்னத் தொப்பி.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பாட்டில் எதற்கு?

பையை இருந்தபடியே மூடிவைத்தாள். அப்போதிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

“கிடத்தும்மா” என்றார் சாமியார்.

கிடத்தினாள்.

கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

பிரகாசி முன்னால் வந்து குனிந்தாள். பிள்ளை அவளைக் கண்டதும் காலை உதைத்துச் சிரித்தது. இவள் பால் கொடுத்து வளர்த்த பிள்ளை அங்கே சிரிக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது.

உப்புப் பெட்டி திறந்துதான் இருந்தது.

உப்பு விழவில்லை.

பிரகாசி நிமிர்ந்தாள். ஓர் அடி பின்னால் போனாள்.

“நான் வாங்கல எமல்டா. வாங்குனா திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வராது. பாட்டில்கூட வாங்கி வச்சிட்டேன். நேத்தே தம்பிட்ட சொன்னேன், வேற ஆளப் பாருன்னு. கேக்க மாட்டேங்கான்.”

ததேயுஸ் தலையைத் தூக்கிச் சுரூபத்தைப் பார்த்தான். அந்தோனியார் யாரோ பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எமல்டாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பார்த்தாயா, நான் நினைத்தது சரியாகத்தானே இருந்தது.

அந்தக் கோபம் நிற்கவில்லை. அவள் ஒருத்தி மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டு வரவில்லை. பிரகாசியும் நேற்றிலிருந்து அதே ஆளைத்தான், தன்னையேதான், சந்தேகப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரே காரில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து.

பிரகாசியின் கை வியர்த்து விரலிடுக்கில் உப்பு கசிந்தது.

எமல்டா அந்தக் கையைப் பிடித்தாள். பெட்டிக்கு மேலே கொண்டுபோனாள்.

“போடுங்க மைனி.”

உப்பு விழுந்தது.

பிரகாசி பிள்ளையை எடுத்தாள். மார்பில் வைத்துக்கொள்ளவில்லை. எடுத்த வேகத்திலேயே, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எமல்டாவை நோக்கி நீட்டினாள்.

எமல்டா அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பிள்ளைய கார்கிட்ட வந்து தாங்க.”

சொல்லிவிட்டு வெளியே இறங்கி முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் பின்னாலேயே விட்டிருந்தாள். மணலில் காலடி கேட்டது. கூடவே பிள்ளையின் சத்தமும் கேட்டது.

கார் வரைக்கும்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கார் நின்ற இடம் வந்தது. ததேயுஸ் ஓடிவந்து கதவைத் திறந்தான்.

அவள் பிள்ளைக்குக் கை நீட்டாமல் காரைத் தாண்டிக் கடலைப் பார்க்க நடந்தாள்.