இடப்பக்கத் தண்டு

மேட்டின் பாதியில் குதிரை ஒன்று பல்லக்கை ஒட்டி வந்து நடையைக் குறைத்தது.

தண்டைத் தோளில் தாங்கி நடந்த திபியோஸ் தலையைத் திருப்பவில்லை. குளம்புச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது. ரோமப் பேரரசரின் மாமனார், காவற்படைத் தலைவர்.

எங்கும் மூடுபனி. முன்னால் போகும் படை இடுப்புக்குக் கீழே கரைந்திருந்தது. ஆயிரம் தலைக்கவசங்கள் பாலில் மிதந்தபடி மேடேறின. பிதீனியா நாட்டு மேடுகள் இப்படித்தான், நடப்பவனுக்கே தான் நடக்கிறோமா உறங்குகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். இன்னும் நாலு நாளில் கடல்.

ஊதாத் திரை ஆறு நாளாகத் திறக்கவில்லை. பேரரசருக்குக் கண்ணில் நோவு, வெளிச்சம் ஆகாது என்று மாமனார் சொல்லியிருந்தார்.

பட்டம் கட்டி ஓராண்டுதான் ஆகிறது. பாரசீகப் போரில் தந்தை இறந்ததும் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து பேரரசர்கள் ஆனார்கள். அண்ணன் மேற்கே, ரோமில். தம்பி இங்கே, இந்தத் திரைக்குள். வாளைப் பிடித்த நேரத்தைவிடச் செய்யுள் முணுமுணுத்த நேரம் அதிகம் என்று படைவீரர்கள் கேலி செய்வார்கள். முணுமுணுக்கும்போது விரலால் மரத்தில் தாளம் போடுவார். அது தண்டு வழியாக வந்து திபியோஸின் தோளெலும்பில் தட்டும். மொழி புரியாவிட்டாலும் கால் அந்தத் தாளத்துக்கு நடக்கும்.

பல்லக்குத் தூக்கத் தோள்பலம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள், அதில் ஏறி உட்கார்ந்தவர்கள்தான்.

இரண்டு தண்டு, தண்டுக்கு நாலு பேர். எட்டுப் பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் பல்லக்கு தொட்டிலாக ஆடிவிடும். அதனால் முன்னால் போகிறவன் இடக்கால் வைக்கும்போது பின்னால் வருகிறவன் வலக்கால் வைப்பான்.

உள்ளே இருப்பவரும் ஒன்பதாவது ஆளாகத் தூக்குகிறார். மேட்டில் முன்னுக்குச் சாய்வார், இறக்கத்தில் பின்னுக்கு. உறக்கத்திலும் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். அவர் இடப்பக்கம் புரண்டால், இடத்தண்டின் நாலு தோளிலும் கனம் ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

ஆறு நாளாக ஒன்பதாவது ஆள் தூக்கவில்லை.

முதல் நாள் மதியமே திபியோஸின் தோளுக்கு அது தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள், வலத்தண்டின் கடைசி ஆளான பாப்பியாஸ், ஏன் இப்படிக் கல்லாய்க் கனக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டான். அன்று மாலை அவனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார்கள். காலையில் அவன் இடத்தில் புது ஆள் நின்றான்.

இடத்தண்டில் முதல் தோள் திபியோஸ். அவனுக்குப் பின்னால் இரண்டாவது தோள் மோக்காஸ், உடன்பிறந்த தம்பி. ஓட்டை வாய். ஒருமுறை அண்ணனும் தம்பியும் வாத்து திருடித் தின்றார்கள். அது எவ்வளவு ருசி என்று வாத்துக்காரனிடமே போய்ச் சொன்னவன் அவன்.

மாலைதோறும் மாமனார் தூக்கிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பேரரசரின் பயணம் எப்படி என்று விசாரிப்பார். மோக்காஸ் மலர்ந்த முகத்தோடு, இரண்டு தடவை புரண்டு படுத்தார் என்பான், குறட்டைகூடக் கேட்டது என்பான். மாமனார் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்.

அந்த முகத்தைக் காப்பாற்றத்தான் திபியோஸ் பாடுபட்டான். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு உண்மை தெரியாமல் இருந்தால்தான் உயிர் தங்கும்.

அதனால் மேடு வரும்போதெல்லாம் தன் இடத்தோளை ஒரு விரற்கடை தாழ்த்துவான். ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து மெல்ல உயர்த்துவான். பல்லக்கு சாயும், திரை அலையும். பின்னால் வருகிற தம்பிக்கு உள்ளே யாரோ புரண்டதாகத் தோன்றும். ஆறு நாளாகத் தோன்ற வைத்திருக்கிறான். சில சமயம் அவனுக்கே அப்படித் தோன்றிவிடும். விரல் தாளம்கூட எலும்பில் கேட்கும்.

இன்று தோள் வீங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து ஒரு தடவையும் தாழ்த்த முடியவில்லை.

மாமனார் திரையைப் பார்த்தார். பிறகு தூக்கிகளின் முகங்களைப் பார்த்தார்.

“காலையிலேர்ந்து அசைவே காணோமே?”

திபியோஸ் தோளை இறக்கப் பார்த்தான். அது மரமாகியிருந்தது. இன்னும் ஒரு மயிரிழை இறங்கினால் முழங்கால் மடிந்துவிடும். பின்கழுத்தில் இவ்வளவு நேரமாகப் பட்டுக்கொண்டிருந்த தம்பியின் பூண்டு மூச்சு நின்றது. யோசிக்கிறான். வாயைத் திறக்கப்போகிறான். ஆமாங்க ஐயா, கல்லு மாதிரி இருக்காரு என்று அந்த மலர்ந்த முகத்தோடே சொல்லப்போகிறான்.

பல்லக்கு இடப்பக்கம் சாய்ந்தது. திரை ஒருமுறை அலைந்து நின்றது.

கனம் நாலு தோளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை. திபியோஸின் ஒரு தோளில் மட்டும், திடுமென்று இறங்கியது. ஒரே தண்டில் அடுத்தவன் தோளைத் தாழ்த்தினால்தான் அப்படி இறங்கும்.

இந்த ஆறு நாளும் அது எவன் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“மெதுவா நடண்ணே,” என்றான் மோக்காஸ், குதிரைமேல் இருந்த மாமனாருக்கும் கேட்கும்படி. “அவரு புரண்டு படுக்குறாரு.”