பின்வாசல் அடுப்பு

"இம்மாம் தாழ்வா யாருக்கா மேடை கட்டுனது?"

கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கடப்பாக்கல் மேடையை ஏற இறங்கப் பார்த்தாள் பிரதீபா. அவள் இடுப்புக்கு ஒரு சாண் கீழேயே அது நின்றுவிட்டது.

குழாய் வழியாகச் சமையல் எரிவாயு வந்த தெருக்களில் அடுப்பு இணைத்துக் கொடுப்பதுதான் பிரதீபாவின் வேலை. கோவளத்தில் செல்லம்மாவின் வீட்டுச் சமையலறை வரை லைன் ஏற்கெனவே வந்திருந்தது. அதிலிருந்து ஒரு கிளை பிரித்து, பின்பக்கத் தகரக் கூரையின் கீழ் இன்னொரு அடுப்பு வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள் செல்லம்மா.

"நான்தான் கட்டச் சொன்னேன் கண்ணு. மேஸ்திரியும் இதையேதான் கேட்டாரு."

"இதுல குனிஞ்சி குனிஞ்சி சமைச்சா முதுகு இன்னாத்துக்கு ஆவும்? ஏத்திக் கட்டி வையுங்க. நான் அடுத்த வாரம் வரேன்."

"அடுத்த வாரமா? ஐயோ, அதெல்லாம் வேணாம்மா. ஒசரம் இதான். அடியிலயும் ஒண்ணும் வெக்காதே, காலியா வுட்டுடு. வால்வ மட்டும் பக்கவாட்டுல, கைக்கு எட்டுறாப்ல வை."

அவள் சொன்ன வேகத்தில், இதைப் பலநாள் யோசித்து வைத்திருந்தது தெரிந்தது. பிரதீபா சுவரில் துளை போட ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "செல்லம்மா! காத்து கடல் பக்கத்துலேர்ந்து வரும். அடுப்ப செவுத்தோரமா தள்ளி வெக்கச் சொல்லு!"

"சொல்ட்டேன்பா!"

"நம்ம பழைய சிலிண்டர் அடுப்புதான் வெக்கிறாங்களா? கொழா கேஸுக்கு ஏத்தாப்ல பர்னர் ஜெட்ட மாத்துனாங்களா?"

"மாத்திக்கினு கீறாங்க!"

"யாருக்கா அது?" என்றாள் பிரதீபா.

"எங்க வூட்டுக்காரரு. சின்னராசு." செல்லம்மா அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வெங்காயம் அரியத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. "இன்னும் பொடிசா அரி! மீன் கொழம்புக்கு இப்டியா அரிவாங்க?"

"பாத்தியா, சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிடுவாரு," என்று சிரித்தாள் செல்லம்மா.

பிரதீபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவும் இப்படித்தான். கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு சொம்புத் தண்ணீருக்குக் குரல் கொடுப்பார். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அம்மா ஓடுவாள். ஓடி ஓடியே அம்மாவின் முழங்கால் தேய்ந்துபோனது.

"நேத்து கொழம்புல புளி தூக்கலா இருந்துச்சி. இன்னிக்கும் கோட்ட வுட்டுடாதே!" என்றது குரல்.

பிரதீபா ஸ்பேனரை நிறுத்தினாள். "அக்கா, நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இம்மாம் சொல்றவரு எழுந்து வந்து ஒரு தபா பாக்கக் கூடாதா?"

"அவரு வெளிய வரவே மாட்டாருமா. அடுப்பு எரிஞ்சாதான் வருவாரு." செல்லம்மா மணையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

தின்பதற்கு மட்டும் வருவார் போலிருக்கிறது. பிரதீபாவுக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கவே கேட்டாள். "சார்! வூட்டுக்குள்ள ஒரு அடுப்பு கீது. அது போதாதுன்னு இந்த வெயில்ல அக்கா இங்க வந்து குனிஞ்சி குனிஞ்சி சமைக்கணுமா?"



செல்லம்மா எழுந்து வந்து பிரதீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர ஒண்ணும் சொல்லாதம்மா. இன்னிக்குதான் வாயத் தொறந்து இவ்ளோ பேசுறாரு." அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அடி விழும் வீடோ என்று பிரதீபாவுக்குப் பயமாகிவிட்டது. மீதி வேலையை முடித்தாள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கும் குமிழி வரவில்லை. வால்வைத் திறந்து லைட்டரைத் தட்டினாள். நீல வளையமாகத் தீ எழுந்து, காற்றுக்கு அசையாமல் நின்றது.

"எரியுதா?" உள்ளேயிருந்து கேட்டது குரல். இந்தத் தடவை அதில் அதிகாரம் இல்லை.

"எரியுதுப்பா! வா!"

செல்லம்மா பரபரவென்று மண்சட்டியைக் கழுவி மேடையில் வைத்தாள். எண்ணெய்ப் பாட்டில், மிளகாய்த்தூள், கரைத்த புளி எல்லாவற்றையும் ஓரமாக வரிசையாய் அடுக்கினாள். பிறகு, தான் நின்றிருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"நீங்க ஏன் தள்ளி நிக்கறீங்க?" என்றாள் பிரதீபா.

"உள்ள சமையல்கட்டு வாசல் குறுகலு கண்ணு. எத்தினி தபா பாத்தாச்சி, வண்டி நுழையல."

"இன்னா வண்டி?"

பின்வாசலில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டுப் பிரதீபா திரும்பினாள். சக்கர நாற்காலியில் வந்த சின்னராசுவின் முழங்கால்கள், காலியாக விட்டிருந்த மேடையின் அடியில் அளவெடுத்ததுபோல் நுழைந்தன.

"போய் ஃபேன் காத்துல உக்காரு செல்லம்மா," என்றார் அவர் கரண்டியைக் கையில் எடுத்தபடி. "எனக்கு அடிபட்டதுலேர்ந்து நீ ஆக்கிப் போட்டது போதும், இனிமே பழையபடி இந்த வூட்டுல சமையல் நான்தான்."